பங்க் ஓரத்து மண்

என் கடை டீயில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று முதலில் சொன்னவர் ஒரு லாரி டிரைவர். நான் அவரோடு சண்டைக்கே போய்விட்டேன். வண்டிக்கு அடியில் படுத்துப் புரண்டுவிட்டு, கையைக் கழுவாமல் கிளாஸைப் பிடித்தால் எதுவும்தான் நாறும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, பாய் கடையில் ஒரு டீ குடித்தால் பெங்களூர் வரைக்கும் வண்டிக்குப் பெட்ரோல் போட வேண்டாம் என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே அந்தக் கேலி ரோடு முழுக்கப் பரவிவிட்டது. பிறகு ஒருநாள் பள்ளிக்கூட வாத்தியார் வந்து பாதி குடித்தார். மீதியைச் சத்தமில்லாமல் வாசலில் ஊற்றினார். அவர் லாரி ஓட்டுகிறவர் இல்லை. அன்றைக்குத்தான் நானும் குடத்துத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். வாடை தண்ணீரில்தான் இருந்தது.

என் பெயர் முனீர் அகமது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற பெரிய ரோட்டில் தொட்டேரிப்பள்ளி என்று ஒரு ஊர். அங்கே பஸ் நிற்கிற இடத்தில் என் கடை. கடைக்கும் வீட்டுக்கும் தண்ணீர் கெம்பம்மாவின் கிணற்றிலிருந்து வந்தது. என் வீட்டுக்காரி சுக்ரா காலையும் மாலையும் போய் எடுத்து வருவாள். நாங்கள் மட்டுமல்ல, அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாமே அங்கேதான் மொண்டு குடித்தன. ஊர்ப் பொதுக்கிணறு சித்திரை பிறந்தால் காய்ந்துவிடும். கெம்பம்மாவின் கிணறு காய்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

இன்னார் அங்கே மொள்ளலாம், இன்னார் மொள்ளக்கூடாது என்று ஊரில் சிலர் ஒரு காலத்தில் பேசிப் பார்த்தார்கள். கிணறு என்னுடையது, உங்களுக்கு அதில் என்ன பேச்சு என்று கெம்பம்மா கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். அவள் குரல் தணிகிறது என்றால் எதிரில் நிற்பவன் வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு நகர்வது நல்லது.

அந்தக் கிணற்றை அவளும் அவள் புருஷன் கரியப்பனும் பாறையை உடைத்து இறக்கினார்கள். கடைசிப் பாறைக்கு வைத்த வெடி, கரியப்பன் மேலே ஏறி வருவதற்குள் வெடித்துவிட்டது. உயிர் தப்பினார். ஆனால் இரண்டு காதும் போய்விட்டன. அன்றைக்கேதான் ஊற்றும் திறந்தது. அதனால் யாராவது அந்தக் கிணற்றைப் பற்றி இளப்பமாகப் பேசினால் கெம்பம்மாவுக்கு அது கிணற்றைப் பற்றிய பேச்சாக மட்டும் கேட்காது. ஊரில் முதல்முதலில் ஆயில் இன்ஜின் வாங்கிக் கிணற்றில் இறக்கியவளும் அவள்தான். அது புகை கக்கிக்கொண்டு ஓடும்போது கரியப்பன் அதன் மேல் கையை வைத்துப் பார்த்துச் சிரிப்பார். சத்தம் கேட்காதவருக்கு அதிர்வு தெரியும்.

இனி சென்னப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்தான் எங்கள் பஞ்சாயத்து பிரசிடெண்ட். கெம்பம்மாவின் நிலத்துக்கு மேல்புறம், மேட்டில், ரோட்டை ஒட்டி ஒரு பெட்ரோல் பங்க் வைத்தார். பெங்களூர் போகிற வழியில் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் விலை ஏறும் என்று டிரைவர்கள் நம்பினார்கள். அதனால் எங்கள் ஊரிலேயே நிரப்பிக்கொண்டார்கள். பம்பின் கைப்பிடியை ஆட்டினால் மேலே இருக்கிற கண்ணாடிக் கூண்டில் பெட்ரோல் ஏறும். அதைப் பார்க்கவே கெலமங்கலத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. கண்ணாடிக் கூண்டை எல்லோரும் பார்த்தார்கள். பூமிக்கு அடியில் புதைத்து வைத்த இரும்புத் தொட்டியை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கெம்பம்மா நினைத்தாள். தண்ணீரில் வாடை என்று நான் போய்ச் சொன்னவுடன் அவள் கிணற்றையும் பார்க்கவில்லை, இன்ஜினையும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி மேட்டைப் பார்த்தாள். பிறகு வாத்தியாரிடம் சொல்லிச் சுகாதார இலாகாவுக்கு ஒரு மனு எழுத வைத்தாள். பங்க்கிலிருந்து என் கிணற்றுக்குப் பெட்ரோல் இறங்குகிறது, வந்து பாருங்கள் என்று மனு. பிரசிடெண்டின் மேல் மனு போட்ட முதல் ஆள் எங்கள் ஊரில் அவள்தான். ஊரே வாயைப் பிளந்தது.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. அங்கேதான் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது, சிரிப்பும் வருகிறது. அதிகாரி ஒருவர் நம் ஊர்த் தண்ணீரைப் பார்க்க வருகிறார். கிணறு அழுக்காக இருக்கலாமா? வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சாணி தெளிக்காமல் இருப்போமா? ஊரே சேர்ந்து கிணற்றை இறைத்தது. இன்ஜின் ஒரு பக்கம், மாடுகள் ஒரு பக்கம். சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவி, புது ஊற்று ஊறியதும் கூடை கூடையாகச் சுண்ணாம்பு கொட்டினார்கள். மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் போட்டு, கங்கைக்குப் பூசை என்று ஒரு சொம்பு பாலையும் ஊற்றினார்கள். சுக்ராகூடக் கிணற்று மேட்டைக் கழுவிவிட்டு வந்தாள். கெம்பம்மா தடுத்தாளா என்றால் இல்லை. அவளே முன்னால் நின்று நடத்தினாள். ஊர் தன் கிணற்றுக்காகக் கூடியது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

சுண்ணாம்பைக் கொடுத்தது சென்னப்பன். வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், நம் ஊர் மானம் என்று வண்டியோடு அனுப்பினார். தெரிந்துதான் அனுப்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துதான் என்று கெம்பம்மா சொல்வாள்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், தஞ்சாவூர்ப் பக்கம். மரப்பெட்டிக்குள் வைக்கோலுக்கு நடுவே கண்ணாடிப் பாட்டில்கள் வைத்திருந்தார். ஒரு பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்கி, பளபளவென்று இருந்த தண்ணீரை மொண்டு, மூடியை அரக்கு வைத்து மூடினார். என் கடையில் டீ குடித்தார். நல்ல டீ என்றார். சில வாரங்கள் கழித்து மெட்ராஸிலிருந்து முடிவு வந்தது. சுண்ணாம்பு அதிகம், பால் கலந்த அடையாளம் இருக்கிறது, எண்ணெய் எதுவும் இல்லை, குடிக்கலாம். தண்ணீரில் பால் கலந்தவர்கள் என்று உலகத்தில் பேர் வாங்கியது எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும்.

சென்னப்பன் அந்தக் காகிதத்தைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்ட வைத்தார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், பொம்பளைக்குப் பொறாமை என்றார். அவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியவர்களில் பாதிப்பேர் அவள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள். எனக்கு அன்றைக்கு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. கிணற்றில் தண்ணீர் ஏறியது. அதோடு வாடையும் ஏறியது. இந்தத் தடவை மூக்கு தேவைப்படவில்லை, கண்ணே போதும். தண்ணீரின் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு ஆடை படர்ந்து கிடந்தது. ஆடுகள் தொட்டிக்குக் கிட்டே போய் மூஞ்சியைச் சுளித்துத் திரும்பின. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. கத்தரி நாற்று மஞ்சளாகிச் சாய்ந்தது. பொதுக்கிணறு எல்லோருக்கும் பற்றாமல் சுக்ரா ஏரிக்கு நடந்து குடம் சுமந்து வந்தாள். வந்து குடத்தை இறக்கிவிட்டு, சென்னப்பன் வீட்டுப் பக்கம் பார்த்துத் திட்டுகிற திட்டை நான் இங்கே எழுத முடியாது.

சென்னப்பன் இப்போது பேச்சை மாற்றினார். எண்ணெய் இருக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் அது யார் எண்ணெய்? கிணற்றுக்குள்ளேயே ஒரு இன்ஜினை வைத்து ஒழுகவிட்டுக்கொண்டு ரோட்டில் இருக்கிறவனைச் சொன்னால் எப்படி? பஞ்சாயத்துக் கூட்டத்தில் இதைச் சொன்னார். ஊர்க் குழந்தைகளுக்கு வயிறு கெட்டதற்கு இவள்தான் ஜவாப்தாரி, கிணற்றை மண் போட்டு மூட வேண்டும் என்றார். மறுநாள் விடிந்ததும் கெம்பம்மா மாரிசாமியையும் இன்னும் சிலரையும் கூப்பிட்டு இன்ஜினைக் கயிறு கட்டி மேலே தூக்கினாள். மாரிசாமி எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுகிறவன். இன்ஜினைப் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கினாள்.

"இந்தா இருக்குது என் இன்ஜினு. இனி கெணத்துல ஒரு சொட்டு ஆயிலு கெடையாது. நாத்தம் நின்னா நானே மண்ணு போடறேன். நிக்கலைன்னா என்னா பண்றதுன்னு நீங்க சொல்லுங்க."

கவலை ஏற்றம் கட்டி மாட்டை வைத்து இறைத்தாள். இறைக்க இறைக்க வாடை வந்துகொண்டே இருந்தது. ஆனால் இருந்த எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கிறது, போக நாளாகும் என்று சென்னப்பன் சொல்லிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் இரண்டாம் தடவை வந்தார். அவர் வருவதற்கு முந்தின நாளிலிருந்து கெம்பம்மா கிணற்று மேட்டை விட்டு நகரவில்லை. மடியில் கருக்கரிவாள். பூசைக்கு வந்த பக்கத்து வீட்டு ரங்கம்மாவைப் பூவோடு திருப்பி அனுப்பினாள். சாமிக்குத் தெரியும், கவர்மெண்டுக்குத்தான் தெரிய வேண்டும் என்றாளாம். இன்ஸ்பெக்டர் கிணற்றை எட்டிப் பார்த்தார், முகம் மாறியது. போன தடவை இங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நாங்கள் சொன்னோம். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

பாட்டிலை நிரப்பினார், அரக்கு வைத்தார். பிறகு அவளிடம் உண்மையைச் சொன்னார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். தண்ணீரில் எண்ணெய் இருக்கிறது என்று மட்டும்தான் முடிவு வரும். எங்கிருந்து வந்தது என்று வராது. குடிக்கத் தகாது என்று எழுதிவிட்டால் பஞ்சாயத்து கிணற்றை மூடிவிடலாம், யாரும் கேட்க முடியாது. எண்ணெய் எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டுமானால் மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

"ஆனா தண்ணி எடுக்கத்தான் எனக்கு உத்தரவு. மண்ணுக்கு உத்தரவு இல்லம்மா" என்றார்.

"எனக்கு உத்தரவு வேணாங்கய்யா. என் நெலம்" என்றாள் கெம்பம்மா.

முடிவு அவர் சொன்னபடியே வந்தது. தண்ணீரில் பெட்ரோலிய வகை எண்ணெய் இருக்கிறது, குடிக்கத் தகாது. அடுத்த சந்தை நாளில் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் கிணற்றை மூடுவது என்று பஞ்சாயத்து தீர்மானம் போட்டது. மண் வண்டிகளுக்குச் சென்னப்பன் சொல்லிவிட்டார்.

கெம்பம்மா கடப்பாரையை எடுத்தாள். கரியப்பன் மண்வெட்டியை எடுத்தார். மாரிசாமி கூடையோடு வந்தான். என் கடையில் காலி பிஸ்கட் டின்கள் இருந்தன. மூடி இறுக்கமாக இருக்கும். அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பங்க்குக்கு எதிரே கடை வைத்திருக்கிறவன் இதில் தலையிடலாமா என்று ஒருவர் எனக்குப் புத்தி சொன்னார். ஏரித் தண்ணீரில் போட்ட டீயை அவருக்குக் கொடுத்து, குடித்துவிட்டுக் கிளம்பச் சொன்னேன்.

முதல் குழி, கிணற்றங்கரையில், இன்ஜினைத் தூக்கி இறக்கி வைத்த இடத்தில். மேல்மண்ணில் ஆயில் கறை இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. அந்த மண்ணையும் ஒரு டின்னில் போட்டாள். ஆனால் முழங்கால் ஆழத்துக்குக் கீழே செம்மண் சுத்தமாக இருந்தது. இரண்டாவது, கிணற்றுக்குக் கீழ்ப்புறம், பள்ளத்தில். ஈரம் இருந்தது, வாடை இல்லை. பிறகு கிணற்றிலிருந்து மேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தோண்டிக்கொண்டு போனார்கள். இங்கேதான் வேடிக்கை. மேல்மண்ணில் எந்த வாடையும் இல்லை. செம்மண் முடிந்து மொரம்பு என்கிற சரளை மண் தொடங்குகிற ஆழத்தில், குப்பென்று வந்தது. பெட்ரோல் மேலே சிந்தி இறங்கியிருந்தால் மேல்மண்தானே முதலில் நாற வேண்டும்? அது அடியோடு அடியாக, மொரம்பைப் பிடித்துக்கொண்டு சரிவில் நடந்து வந்திருக்கிறது. ரோட்டுக்குக் கிட்டே போகப் போக மொரம்பு கறுத்தது. பங்க் சுவரை ஒட்டி ரோட்டோரத்தில் தோண்டிய கடைசிக் குழியில் இறங்கிய மாரிசாமிக்குத் தலை சுற்றிவிட்டது. தூக்கி மேலே போட்டோம். கள் குடித்தவன் மாதிரி சிரித்துக்கொண்டே கிடந்தான். பிறகு வாந்தி எடுத்தான். அதற்கு மேல் யாரையும் அதில் இறங்கவிடாமல், கெம்பம்மா மேலேயே படுத்துக் கையை நீட்டி மண்ணை வாரினாள்.

அந்தக் கடைசிக் குழிக்குச் சென்னப்பன் வந்து சத்தம் போட்டார். ரோட்டோரம் சர்க்கார் நிலம், போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள், அவர்களும் முகர்ந்து பார்க்கட்டும் என்றாள். அவர் கூப்பிடவில்லை.

சந்தை நாள் வந்தது. காலைப் பஸ்ஸில் இன்ஸ்பெக்டர் இறங்கினார். மண் வண்டிகள் வரிசையாக நின்றன. சந்தைக்குப் போக வேண்டியவர்கள் போகாமல் நின்றார்கள். கெம்பம்மா என் கடை பெஞ்சில் டின்களைத் தோண்டிய வரிசைப்படியே அடுக்கி வைத்திருந்தாள். எழுதத் தெரியாது, அதனால் ஒவ்வொரு டின்னும் எந்தக் குழி என்று அடையாளத்துக்கு அந்தந்தக் குழிக்குப் பக்கத்திலேயே ஒரு முளைக்குச்சி அடித்து அதில் ஒரு நிறத் துணியைக் கட்டி, அதே நிறத் துணியை டின்னிலும் கட்டியிருந்தாள். இன்ஸ்பெக்டர் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்தார். கடைசி டின்னில் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

சென்னப்பன் சிரித்தார். டின் யாருடையது, மண் யாருடையது, பெட்ரோல் எங்கே வாங்கியது, யாருக்குத் தெரியும் என்றார். பிஸ்கட் டின்னில் கொஞ்சம் ஊற்றிக் கொண்டுவந்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? இன்ஸ்பெக்டர் டின் மூடியை மறுபடி அழுத்தி மூடினார். எழுத வேண்டியவர் அவர். அவரிடம் சாட்சி கிடையாது. வண்டிக்காரர்கள் மாட்டைத் தட்டி எழுப்பினார்கள். கரியப்பன் எல்லோர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. வண்டி எங்கே போகிறது என்று தெரிந்தது. போய் முதல் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

கெம்பம்மா டின்களை விட்டுவிட்டாள். கூடையை எடுத்துக்கொண்டு நேராக பங்க் ஓரத்துக் குழிக்குப் போனாள். எல்லோரும் பார்க்கக் கவிழ்ந்து படுத்து, அடியிலிருந்து கறுப்பு மொரம்பை வாரி வாரிக் கூடையில் போட்டாள். எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"பாத்துக்குங்க. இப்ப எடுத்தது. எல்லாரும் இருக்கீங்க. இதுல நான் எதாச்சும் ஊத்துனனா?"

யாரும் ஊற்றினாள் என்று சொல்லவில்லை. சென்னப்பனும் சொல்லவில்லை. ஆனால் அவர் அசரவில்லை.

"ஈர மண்ணு. மழைத்தண்ணி. வேற ஒண்ணும் இல்ல" என்றார். "மண்ணு மண்ணுதான், வண்டியை ஓட்டுங்கடா."

கெம்பம்மாவின் குரல் அப்போது தணிந்தது. "வெறும் மண்ணுதானே அண்ணா?"

"வெறும் மண்ணுதான்."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு பங்க்குக்குள் நடந்தாள். பம்புக்குக் கீழே, சிமெண்டுத் தரையில், கூடையைக் கவிழ்த்துக் கொட்டினாள். கறுப்புக் குவியல். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"பாய், தீப்பெட்டி குடுங்க."

என் சட்டைப் பையில் எப்போதும் தீப்பெட்டி இருக்கும், அடுப்புக்காரன். கொடுக்கலாமா என்று நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். எதிரே என் கடை, கடைக்குப் பின்னால் என் வீடு, வீட்டுக்குள் சுக்ரா. கெம்பம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்கு இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கொடுத்துவிட்டேன்.

பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தாள். பம்பு அடிக்கிற ஆள் முதலில் ஓடினான். ரோட்டைத் தாண்டி என் கடைக்குள் புகுந்துகொண்டான். பெட்ரோல் போட நின்ற லாரி டிரைவர் வண்டியை விட்டுவிட்டு அவன் பின்னால் ஓடினார். கூட்டம் அப்படியே பின்னுக்கு நகர்ந்தது. சென்னப்பன் மட்டும் முன்னால் பாய்ந்து வந்து இரண்டு கையையும் அவளுக்கு நேரே விரித்தார்.

"வேணாம் கெம்பம்மா. கொளுத்தாதே. பத்திக்கும்."

"எது அண்ணா பத்திக்கும்?"

அவர் விரித்த கைகள் மெதுவாக இறங்கின.

"மண்ணு பத்திக்குமா?" என்று அவள் மறுபடி கேட்டாள். "எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. எங்க குடிக்கற தண்ணியில எது பத்திக்கும்?"

பத்து மாதமாக எங்கள் ஊரில் பேசிக்கொண்டே இருந்த மனிதருக்கு ஒரு சொல் வரவில்லை. அந்த நேரத்தில் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று மறைக்கப் போவதில்லை. மண் வண்டிக்காரன் ஒருவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே, அடப்பாவி என்றான். யாரைச் சொன்னான் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். மற்றவர்களும் திருப்பினார்கள்.

இன்ஸ்பெக்டர் மெதுவாக உள்ளே வந்தார். கெம்பம்மாவிடமிருந்து தீப்பெட்டியை மரியாதையாகக் கேட்டு வாங்கி என்னிடம் கொடுத்தார். பிறகு தன் மரப்பெட்டியைத் திறந்து, தண்ணீர் எடுக்கிற கண்ணாடிப் பாட்டிலை எடுத்தார். குனிந்து அந்தக் கறுப்பு மண்ணை அதில் தன் கையாலேயே திணித்தார். அரக்கை உருக்க நெருப்பு வேண்டும்; அதற்கு என் கடை அடுப்படிக்கு வந்தார். மண்ணுக்கு உத்தரவு இல்லையே சார் என்று கேட்டேன். அரக்கை ஊதிக்கொண்டே, எழுதி வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

பிறகு கம்பெனி ஆட்கள் வந்தார்கள். பங்க்கை நிறுத்தி, தொட்டியைத் தோண்டி, மாடு பூட்டி இழுத்து மேலே போட்டார்கள். அடிப்பக்கத்து இணைப்பு விட்டிருந்தது. புதைத்த நாளிலிருந்தே விட்டிருக்கலாம் என்றார்கள். புதுத் தொட்டியைச் சிமெண்டுக் கட்டுக்குள் வைத்து மூடினார்கள். சென்னப்பன் அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. பங்க் மட்டும் மறுபடி ஓடியது. கண்ணாடிக் கூண்டில் பெட்ரோல் ஏறி இறங்கியது.

ஆனால் கிணறு திரும்பவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் கதை கட்டுகிறவன் ஆகிவிடுவேன். தொட்டியை எடுத்த பிறகும் மண்ணுக்குள் இறங்கிய பெட்ரோல் கிணற்றுக்கு வந்துகொண்டேதான் இருந்தது. ஒரு மழை போய் அடுத்த மழை வந்தும் தண்ணீரின் மேல் அந்த ஆடை படர்ந்தது. சுக்ரா ஏரிக்கே போய் வந்தாள். சென்னப்பன் ஆள் விட்டுப் பேசினார். பள்ளத்தில் நல்ல இடமாகப் பார்த்துப் புதுக்கிணறு வெட்டித் தருகிறேன், இதை மூடிவிடட்டும் என்றார். நல்ல பேச்சுதான். ஊரிலும் பலர் ஒத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் இறங்கி வந்திருக்கிறாரே, இன்னும் என்ன வேண்டும் என்று நானே ஒருநாள் கேட்டேன். கெம்பம்மா கரியப்பனைப் பார்த்தாள். அவர் கிணற்று மேட்டில் உட்கார்ந்து வடக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். பேடா என்று கன்னடத்தில் ஒரே சொல்லில் முடித்துவிட்டாள், வேண்டாம்.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். தினம் விடிந்தால் கிணற்றை இறைத்தாள். நாற்றத் தண்ணீர், வயலுக்கு ஆகாது. மேட்டைப் பார்த்து ஒரு வாய்க்கால் வெட்டினாள். தண்ணீர் மேட்டில் ஏறுமா? ஏறாது. அதனால் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் கிடந்த இன்ஜினை எடுத்து வந்து, கிணற்றுக்குள் இறக்காமல் மேலே கரையிலேயே வைத்து, குழாய் போட்டு ஏற்றினாள். வாய்க்கால் ரோட்டோரமாகப் போய், பங்க் வாசலைச் சுற்றிக்கொண்டு, ரோட்டுக்கு அடியில் போகிற மதகில் இறங்கும். மயில் கழுத்து நிறத்தில் அந்தத் தண்ணீர் சென்னப்பன் நாற்காலிக்கு முன்னால் ஓடும். இறங்கிப் பெட்ரோல் போடுகிறவர்கள் அதைத் தாண்டிக்கொண்டுதான் போக வேண்டும். என்ன இது என்று கேட்பார்கள். சொல்வதற்கு எதிரே நான் இருந்தேன்.

சென்னப்பன் கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு ஒரு காலை, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி, கிணற்றுக்கே வந்தார். நான் டீ கொண்டுபோயிருந்தேன். அவர் முன்பு போலச் சத்தம் போடவில்லை. உட்காரவும் இல்லை.

"ஏம்மா, தப்பு என்னுதுதான். ஒத்துக்கிட்டேன், தொட்டியையும் மாத்திட்டேன். இன்னும் எத்தன நாளைக்கு இத என் வாசல்ல விடுவ?"

கெம்பம்மா இன்ஜினை நிறுத்தவில்லை. வாளியில் கொஞ்சம் தண்ணீரை மொண்டு, முகர்ந்து பார்த்து, வாய்க்காலில் ஊற்றினாள்.

"இந்தத் தண்ணிய நான் குடிக்கற வரைக்கும் அண்ணா."